“உம்முடைய சித்தம் ஆகட்டும்” என்று சொல்ல வாய் வரவில்லை

உப்பளத்துச்செல்வி
05 ஜனவரி 2025, இரவு 11:52

இன்னைக்குக் காலையில எங்க சபையில, எங்களை மறுபடி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற உடன்படிக்கை ஆராதனை. வருஷத்தோட முதல் ஞாயிறு எப்பவும் உண்டு. சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லி மனப்பாடமான ஜெபம்தான். நான் இனி என்னுடையவள் அல்ல, உம்முடையவள், வேலைக்கு வைத்தாலும் சரி, துன்பத்துக்கு வைத்தாலும் சரி என்கிற மாதிரி வரும் இல்லையா, அந்த இடத்துல என் வாய் மூடிக்கிச்சு. பக்கத்துல எல்லாரும் சொல்லி முடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.

காரணம் எங்க அண்ணன். ரெண்டு சிறுநீரகமும் போய் 2 வருஷம் ஆச்சு. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். நான் ஒண்ணு குடுக்கலாம்னு போனேன். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு வேண்டாம்னுட்டாங்க. அரசாங்கத்தோட உறுப்பு மாற்றுப் பட்டியல்ல பேர் பதிஞ்சு காத்திருக்கோம். ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேல தண்ணி கூடாது. மாத்திரை முழுங்குற தண்ணி, குழம்பு, மோர் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள்ளதான். தூத்துக்குடி வெயில் உங்களுக்குத் தெரியும். மத்தியானம் ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்திருப்பாங்க. அதைப் பார்க்கவே முடியாது.

அப்பா இறந்தப்ப எனக்கு 11 வயசு. என்னைப் படிக்க வச்சது, கட்டிக் குடுத்தது எல்லாம் அண்ணன்தான்.

என் பயம் இதுதான். "உம் சித்தம்போல ஆகட்டும்"னு சொல்லிட்டா, "சரி, இவளே சொல்லிட்டா"ன்னு ஆண்டவர் அண்ணனை எடுத்துக்கிடுவாரோன்னு இருக்கு. இப்படி நினைக்கிறது தப்புன்னு புத்திக்குத் தெரியுது. பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஜெபம் நடத்துறதே நான்தான். அங்க வார்த்தை தட்டாம வரும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா ஒண்ணும் வரமாட்டேங்குது. யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

---

ஜெபவீரன்_கோவை
06 ஜனவரி 2025, காலை 5:40

சிஸ்டர், கலங்காதிருங்கள். சுகத்துக்காக ஜெபிக்கும்போது "சித்தமானால்" என்ற சொல்லே தேவையில்லை என்பது என் விசுவாசம். மத்தேயு 8:3-ல் குஷ்டரோகியைத் தொட்டு, "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்று அவர் சொல்லிவிட்டாரே. பிறகு நாம் ஏன் மறுபடியும் சந்தேகமாகக் கேட்கவேண்டும்? மாற்கு 11:24-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டோம் என்று விசுவாசியுங்கள். வாயில் நெகட்டிவ் வார்த்தை வரவே வேண்டாம். எங்கள் முழு இரவு ஜெபத்தில் அண்ணனை வைத்து ஜெபிக்கிறோம்.

---

பழைய உபதேசியார்
06 ஜனவரி 2025, இரவு 8:15

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். 38 வருடம் கிராமச் சபைகளில் ஊழியம் செய்தவன் நான். உங்கள் பயத்தை என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். முக்கால்வாசிப் பேர் மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, அதுவும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். நீங்கள் முன்னாடியே சொல்லிவிட்டீர்கள்.

இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த தோட்டம், கெத்செமனே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாம் அந்த ஜெபத்தின் கடைசி வரியை மட்டும் பிய்த்தெடுத்து, சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். முதல் வரி என்ன? மாற்கு 14:36: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்." பாத்திரம் என்றால் அவர் படப்போகிற பாடு. எடுத்துப்போடும்! மாற்கு எழுதின இந்த வசனத்தில் "கூடுமானால்" என்ற சொல்கூட இல்லை. வேண்டாம், எடுத்துவிடும் என்று நேராகக் கேட்கிறார் தேவகுமாரன். அதற்குப் பிறகுதான் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்பது வருகிறது. அந்த "ஆகிலும்" நிற்பதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் இருந்தாக வேண்டும். கேட்காதவனுக்கு விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. மத்தேயுவில் அவர் மூன்று தரம் போய் ஜெபிக்கிறார். முதல் தரம் (26:39) "நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்கிறார். இரண்டாம் தரம் (26:42) "நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்கிறார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே என்னவோ நகர்ந்திருக்கிறது. முதல் தரத்துக்கே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. "ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா" என்று சீஷரைக் கேட்கிறார் அல்லவா. மூன்றாம் தரம் மறுபடி அதே வார்த்தைகள். அவருக்கே ஒரே மூச்சில் முடிந்த காரியம் இல்லை இது. கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தம். செக்கில் போட்ட எள்ளு ஒரு சுற்றில் எண்ணெய் விடாது.

லூக்கா சொல்லும் இரத்த வேர்வை (22:43-44) சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. நம் ஆண்டவர் அவ்வளவு கலங்கினாரா என்று கூச்சப்பட்டவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். அதை விட்டுவிட்டாலும் எபிரெயர் 5:7 இருக்கிறது: "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்". அதே வசனத்தில் அவர் "கேட்கப்பட்டு" என்றும் இருக்கிறது. பாத்திரம் நீங்கவில்லை, ஆனாலும் கேட்கப்பட்டார். இதை முழுதாகப் புரிந்துகொண்டேன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லின் மேல் சாய்ந்துதான் என் மனைவியை அடக்கம் பண்ணினேன்.

ஆகவே உடன்படிக்கை ஜெபத்தில் வாய் மூடிக்கொண்டதே, அதற்காக வெட்கப்படவேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1755-ல் அந்த ஆராதனையைத் தொடங்கினபோது, யோசிக்காமல் வாயால் ஒப்பிக்கவேண்டும் என்று வைக்கவில்லை. ஆயத்தப்பட்டு வரச் சொன்னார். நீங்கள் இன்னும் முதல் தரம் ஜெபிக்கிற இடத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கேயே இருந்து கேளுங்கள்.

தம்பி கோவை, குஷ்டரோகியைச் சொன்னீர்கள். அவன் எப்படிக் கேட்டான்? "ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" (8:2). "சித்தமானால்" என்று கேட்டவனைத்தான் தொட்டார். விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவில்லை.

---

கடலோரத்தாள்
06 ஜனவரி 2025, இரவு 10:31

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், வடமராட்சி கிழக்கு. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. அண்டைக்குக் கடல் என்ர மூத்தவனைக் கொண்டு போட்டுது. செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள் எல்லாரும் "ஆண்டவற்ற சித்தம்" எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். அவையில பிழையில்லை, அவைக்கு வேற சொல்லத் தெரியேல்லை.

ஆனா அந்தச் சொல்லை இன்னொருத்தற்ற துக்கத்துக்கு மேல நாங்கள் வைக்கக் கூடாது. கெத்செமனேயில அவர் தன்ர வாயாலதான் சொன்னவர். பேதுரு பக்கத்தில நிண்டு சொல்லிக்குடுக்கேல்லை. எனக்கு அது வாயில வர 6 வருசம் எடுத்தது. அதுவரைக்கும் "ஏன் எடுத்தனீர்" எண்டு மட்டும்தான் ஜெபம். ஒரு நாளும் அவர் என்னைத் துரத்தேல்லை.

---

ஜெபவீரன்_கோவை
07 ஜனவரி 2025, காலை 6:05

உபதேசியார் ஐயா, குஷ்டரோகி விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அக்கா, உங்கள் மகனைப் பற்றி வாசித்து மனம் கலங்கியது.

ஆனாலும் ஒரு கேள்வி. "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பது முறுமுறுப்பு ஆகாதா? முறுமுறுத்ததால்தானே இஸ்ரவேலரில் ஒரு தலைமுறையே வனாந்தரத்தில் விழுந்தது? சபையில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது எங்கே கோடு போடுவது? வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

---

பழைய உபதேசியார்
07 ஜனவரி 2025, இரவு 9:02

நல்ல கேள்வி, தம்பி. உபாகமம் 1:27-ஐப் பாருங்கள். அவர்கள் எங்கே முறுமுறுத்தார்கள்? தங்கள் கூடாரங்களில். கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவரிடத்தில் வந்து சொல்லவில்லை. தாவீதும் எரேமியாவும் அதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள், ஆனால் முகத்துக்கு நேரே பேசினார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" (சங்கீதம் 13) என்பதை வீட்டில் பிள்ளை நம்மிடம் சொன்னால் பதறிப்போவோம். அதை இஸ்ரவேலர் தேவாலயத்துப் பாட்டாக வைத்திருந்தார்கள்.

சங்கீதம் 88 இன்னும் ஒரு படி மேலே. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பும். இது திரும்பவே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே நிற்கிறது. பிரசங்கத்துக்கு எடுக்க நானே பல வருடம் பயந்தேன். அதுவும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆள் இருட்டில் இருக்கிறான், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பதை விடவில்லை.

யோபின் கதையில் தேவன் கடைசியில் யார்மேல் கோபப்பட்டார்? சாம்பலில் உட்கார்ந்து வழக்காடினவன்மேல் இல்லை. தேவனுக்காகப் பரிந்து பேசின மூன்று சிநேகிதர்மேல்: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" (42:7). துக்க வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த வசனத்தை நினைத்துக்கொண்டுதான் படி ஏறுவேன்.

---

கோட்டாறு_மைந்தன்
14 ஜனவரி 2025, மாலை 7:20

நான் கத்தோலிக்கன். எங்கள் செபத்தில் "சித்தம்" என்ற இடத்தில் இப்போது "திருவுளம்" என்று சொல்கிறோம். சொல் வேறானாலும் தொண்டையில் சிக்குகிற இடம் ஒன்றுதான் அக்கா.

இன்று ஜனவரி 14, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித தேவசகாயத்தின் திருநாள். 1752-ல் இதே நாளில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காலையில் கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறைக்கு முன்னால் முழங்கால்போட்டபோது உங்கள் அண்ணனின் ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. காரணம் சொல்கிறேன்.

அவர் 1749-ல் கைதாகி மூன்று வருடம் வதைபட்டார். இழுத்துக்கொண்டு போகும் வழியில் புலியூர்குறிச்சியில் தாகம் தாங்காமல் செபித்து, முழங்கையால் பாறையில் இடித்தார் என்றும், அதில் தண்ணீர் ஊறியது என்றும் எங்கள் பக்கத்து மரபு. முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். அந்தச் சின்னக் குழியில் இன்றைக்கும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சின்ன வயதில் அதை ஒரு அற்புதமாக மட்டும்தான் பார்த்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. உயிரையே கொடுக்கத் துணிந்த மனிதர், "ஆண்டவரே, எனக்குத் தாகம்" என்று தண்ணீர் கேட்டிருக்கிறார். பெரிய காரியத்தை ஒப்புக்கொடுத்துவிட்டோமே, இந்தச் சின்னதை எப்படிக் கேட்பது என்று தயங்கவில்லை. தண்ணீர் கிடைத்தது, சங்கிலி கழலவில்லை.

2022 மே 15-ல் ரோமில் அவரோடு சேர்த்துப் புனிதராக அறிவிக்கப்பட்டவர்களில் பிரெஞ்சுத் துறவி ஷார்ல் தெ ஃபூக்கோ ஒருவர். சகாரா பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற ஊரில் வாழ்ந்து, 1916-ல் அங்கேயே கொல்லப்பட்டார். தன்னைப்போல் வாழ ஒரு சபை அமையவேண்டும் என்று ஆசைப்பட்டார். உயிரோடு இருந்தவரை அமையவில்லை. தந்தையே, உம்மிடம் என்னைக் கையளிக்கிறேன் என்ற அவருடைய செபத்தை நான் கல்லூரி நாளிலிருந்து தினமும் சொல்கிறேன். அந்தச் செபம் வந்த வழி பலருக்குத் தெரியாது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் கடைசி வார்த்தையைத் தியானித்து 1896-ல் அவர் எழுதியதிலிருந்து எடுத்தது. கடைசி வார்த்தை அது. அதற்கு முன்னால் "ஏன் என்னைக் கைவிட்டீர்" இருக்கிறது, "தாகமாயிருக்கிறேன்" இருக்கிறது. நான் ஏழாம் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, நான்கையும் ஐந்தையும் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கு உங்கள் பதிவுகளைப் படித்துத்தான் உறைத்தது.

---

உப்பளத்துச்செல்வி
19 ஜனவரி 2025, இரவு 12:47

எல்லாருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா எழுதினதை அச்செடுத்து வேதாகமத்துக்குள்ள வச்சிருக்கேன்.

இன்னைக்கு ராத்திரி மொட்டைமாடிக்குப் போனேன். "அண்ணனை எடுக்காதீங்க, எனக்கு இது வேண்டாம், எனக்கு உங்க மேல கோபமா இருக்கு"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். அழகா ஒண்ணும் வரல. அரை மணி நேரம் அதையேதான் சொன்னேன். வேதத்துல, ஜெபிச்சுக்கிட்டிருந்த அன்னாளை ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நினைச்ச மாதிரி, கீழ வீட்டுக்காரங்க யாராவது பார்த்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்களோ. "என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்"னு அவ சொல்ற வசனத்துல பல தடவை ஜெபக்கூட்டம் எடுத்திருக்கேன். ஊத்துறதுன்னா அடியில கிடக்கிற கசடும் சேர்ந்துதான் வரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"உம் சித்தம்" இன்னும் சொல்லல. ஆனா கீழ இறங்கி வந்து சாப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டிருக்கேன்.

---

இரவுப்பணி_செவிலி
20 ஜனவரி 2025, காலை 4:10

அக்கா, நான் 9 வருஷமா டயாலிசிஸ் யூனிட்ல வேலை பார்க்கிறேன். கிறிஸ்தவ மருத்துவமனை, அதனால கட்டிலுக்குப் பக்கத்துல ஜெபம் நடக்கிறது தினமும் பார்க்கிறதுதான்.

ஒண்ணு சொல்லணும்னு தோணுது. குடும்பத்துல எல்லாரும் நோயாளிக்காக ஜெபிக்கிறாங்க. "பூரண சுகம் கொடும்"னு ஒருத்தர், "உம் சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்கிறோம்"னு இன்னொருத்தர். படுத்திருக்கிறவங்க கண்ணை மூடி ஆமென் சொல்வாங்க. கூட்டம் போனப்புறம் ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க, "நான் என்ன ஜெபிக்கிறேன்னு யாரும் கேக்கவே மாட்டேங்கிறாங்களே சிஸ்டர்"னு. சரி, என்ன ஜெபிக்கிறீங்கம்மான்னு கேட்டேன். அடுத்த வாரம் பேத்திக்கு ஆதி நற்கருணை, அன்னைக்குக் கால் வீக்கம் இல்லாம செருப்புப் போட்டு நடக்கணும், அதுதான் அவங்க ஜெபம். பிள்ளைங்க யாருக்கும் அது தெரியாது.

உங்க அண்ணன் என்ன ஜெபிக்கிறாங்கன்னு கேட்டீங்களா அக்கா? நீங்க எழுதினதுல அது மட்டும் இல்லை.

அப்புறம், கையில ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைச்சு வச்ச இடத்தை தினமும் விரலால தொட்டு, உள்ள அந்த அதிர்வு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. இல்லைன்னா காத்திருக்காம உடனே யூனிட்டுக்கு போன் பண்ணணும். ஜெபத்தோட இதுவும் சேர்த்தி.

---

ஜெபவீரன்_கோவை
22 ஜனவரி 2025, காலை 5:15

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது 40 நாள் உபவாசம் இருந்தேன். பெற்றுக்கொண்டோம் என்று அறிக்கையிட்டேன். சாட்சி சொல்லக் குறிப்புகூட எழுதி வைத்திருந்தேன். 41-ம் நாள் அப்பா இறந்தார். அதன்பிறகு நான் ஜெபத்தை நிறுத்தவில்லை, ஊழியத்தை நிறுத்தவில்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 12 வருடம் ஆகிறது. மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம், அதை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறேன். பெரிய சண்டைக்குப் பிறகு ஒரே வீட்டில் இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி.

தைரியமாகக் கேட்கவேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. கேட்டது கிடைக்காதபோது என்ன பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூடாரத்தில் முறுமுறுக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சந்நிதியிலும் வாய் திறக்கவில்லை.

ஐயா, தாவீது பிள்ளை செத்த அன்று எழுந்து குளித்து, கர்த்தருடைய ஆலயத்தில் போய்ப் பணிந்துகொண்டானே (2 சாமுவேல் 12:20). அதற்கு முன் ஏழு நாள் தரையில் கிடந்தான். எனக்கு அந்த ஏழு நாள் இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

---

பழைய உபதேசியார்
22 ஜனவரி 2025, இரவு 8:40

தம்பி, உமக்காக இன்று முழங்காலில் இருப்பேன். வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

---

உப்பளத்துச்செல்வி
19 ஏப்ரல் 2025, பிற்பகல் 3:30

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீங்களான்னு தெரியல. டயாலிசிஸ் ஹாலுக்கு வெளியே உக்காந்து எழுதுறேன்.

அந்தச் செவிலித் தங்கச்சி கேட்ட கேள்வியை அண்ணன்கிட்ட கேக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. நேத்துப் பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனைக்கு அண்ணனும் வந்தாங்க. வேண்டாம், மூணு மணி நேரம் உக்கார முடியாதுன்னு சொன்னேன், கேக்கல. ஐந்தாம் வார்த்தை வந்தது, "தாகமாயிருக்கிறேன்". வெளியே அப்படி ஒரு வெயில். மின்விசிறிக்கு அடியிலயும் சட்டை நனைஞ்சு, உதடு காஞ்சு உக்காந்திருந்தாங்க. பிரசங்கம் முடியுறவரைக்கும் அந்தப் பக்கம் என்னால திரும்பவே முடியல.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அண்ணே, நீ என்னதான் ஜெபிக்கிறன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எனக்குச் சாக இஷ்டமில்லைன்னு தினமும் சொல்லுவேன் பாப்பா. கிட்னி வேணும்னு கேப்பேன். அப்புறம் ஒரு செம்பு நிறையத் தண்ணி, மூச்சு விடாமக் குடிக்கணும்னு கேப்பேன். ஊசி குத்தக் கையை நீட்டும்போது மட்டும், சரி, உம்ம கையில இருக்கேன்னு சொல்லுவேன். அந்த நேரத்துக்கு மட்டும்தான் சொல்ல வருது. அவருக்குத் தாகம்னா என்னன்னு தெரியும்லா."

நான் இத்தனை நாளா அண்ணனைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, விட்டுரக்கூடாது விட்டுரக்கூடாதுன்னு இருந்தேன். அவங்க வாரம் மூணு தடவை கையை நீட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

கோட்டாறுத் தம்பி எழுதின அந்தப் பாறைக் கதையைச் சொன்னேன். நாம சி.எஸ்.ஐ. சபை, கத்தோலிக்கர் இல்லையேன்னு யோசிச்சாங்க, அப்புறம் கூட்டிட்டுப் போன்னாங்க. வெயில் தணிஞ்சதும் ஒரு திங்கக்கிழமை போகணும்.

இன்னைக்கு ஊசி குத்தும்போது பக்கத்துல நின்னேன். அவங்க கையை நீட்டுனப்ப நானும் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். பாதி வந்துச்சு.

ஃபிஸ்டுலா நல்லா அதிருது. பட்டியல்ல இன்னும் கூப்பிடல. எல்லாரும் அண்ணனுக்காக ஜெபிச்சுக்கோங்க. மூணு மாசத்துக்கு முன்னாடின்னா "கர்த்தருடைய சித்தம்போல ஆகட்டும்னு ஜெபிச்சுக்கோங்க"ன்னு எழுதியிருப்பேன், எங்க சங்கத்துல அப்படித்தான் எழுதுவோம். இப்ப அப்படி எழுதல. கிட்னி கிடைக்கணும்னு கேளுங்க. அப்படியே, அந்த வார்த்தையாலேயே கேளுங்க.